பிரிஞ்சியில் உப்பு

பிரிஞ்சி என்னும் சொல்லைத் தமிழ்நாட்டின் வடபகுதியில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையிலும் வேலூரிலும் எங்கள் மரக்காணம் பக்கத்திலும், ஊன் சேர்க்காமல் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, காய்களோடு வேகவைத்த சோற்றுக்கு அதுவே பெயர். தெற்கே இருக்கும் நண்பர்கள் இதை வெஜிடபிள் புலாவ் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பாரசீக மொழியில் பிரிஞ்ச் என்றால் அரிசி. அரிசியின் பெயர் சோற்றுக்கு வந்தது மட்டுமன்றி, அந்தச் சோற்றில் இடும் இலைக்கும் சென்று சேர்ந்துவிட்டது. இமயமலைச் சாரலில் வளரும் இலவங்கப் பத்திரி, நம் மளிகைக் கடைகளில் பிரிஞ்சி இலை ஆகிவிட்டது. பிரியாணியில் கறியை நீக்கிவிட்டுக் கொடுப்பதை நாம் குஸ்கா என்கிறோம். அதுவும் வெறுஞ்சோற்றைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே. புலாவ் என்றதும், சங்க நூல்களில் ஊனைக் குறிக்கும் புலவு என்னும் சொல்லோடு முடிச்சுப் போடுவாரும் உண்டு. ஒலி ஒத்திருப்பது மட்டுமே சான்றாகாது என்று வகுப்பறையில் மாணவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுப் பிரிஞ்சியில் விழும் பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். பட்டையும் கிராம்பும் ஏலமும் மலைநாட்டுச் சரக்கு. அன்னாசிப்பூ கடல் கடந்து வருவது. சீரகச் சம்பா அரிசி உள்நாட்டு ஆலைகளிலிருந்து வருகிறது. உள்ளூர் என்று உரிமை கொண்டாடத் தேங்காயும் உப்புமே மிஞ்சின. தேங்காய் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. உப்புதான் எங்கள் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று குவியல்களைப் பார்த்திருப்பார்கள். அந்த உப்பைப் பற்றித்தான், பிரிஞ்சியின் வழியாக, இங்கே எழுத நினைக்கிறோம்.

எங்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடலாம். நாங்கள் இருவரும் கணவன் மனைவி. இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். வீட்டில் பள்ளியில் படிக்கும் மகனும், அம்மாவும் இருக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு அத்தை. இந்தக் கட்டுரையில் அம்மா என்றே எழுதுகிறோம். அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

அன்றாடச் சோறு எங்கள் வீட்டில் வடித்த சோறு. உலை கொதித்ததும் அரிசியைப் போட்டுப் பதம் பார்த்துக் கஞ்சியை வடித்துவிடுவார்கள். அந்தச் சோற்றில் பெரும்பாலும் உப்பிடுவதில்லை. உப்பு குழம்பில் இருக்கும், பொரியலில் இருக்கும், ஊறுகாயில் இருக்கும். போதாதவர்களுக்கு இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை வைப்பது பந்தி மரபு. ஆகவே ஒரே சோற்றை உண்ணும் நால்வர் நான்கு அளவு உப்பை உண்ணலாம். நோயாளிக்குக் குழம்பைக் குறைத்து மோரை ஊற்றினால் போதும். அவர் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடலாம். வடித்த சோறு அவ்வளவு இடம் கொடுக்கிறது.

பிரிஞ்சி அப்படியன்று. ஊற்றிய நீர் முழுவதையும் அரிசியே குடித்துவிடுகிறது. நீரில் கரைந்த உப்பு, காரம், மணம் அனைத்தும் பருக்கையின் உள்ளே போய்விடுகின்றன. வடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதிலும் குக்கரில் வைக்கும்போது, மூடியைத் திருகிவிட்டால் பிறகு கரண்டி விடவோ சுவை பார்க்கவோ வழியில்லை. பானையில் கிளறிக்கொண்டே சமைப்பவர் நடுவில் திருத்திக்கொள்ளலாம். குக்கரில் சமைப்பவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும்.

குக்கரின் வரலாறு சுவையானது. டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் நீராவியை அடைத்து எலும்பையும் கரைக்கும் கலம் ஒன்றைச் செய்துகாட்டினார். நம் நாட்டில் 1910ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்ற அடுக்குக் கலத்தை உருவாக்கினார். அது அழுத்தத்தால் அன்றி நீராவியால் மெல்ல வேகவைப்பது. இன்று நம் அடுக்களைகளில் இருக்கும் அழுத்தக் குக்கர் இந்தியாவில் 1950களின் இறுதியில்தான் தயாராகத் தொடங்கியது. திறந்த பானையில் நீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாது. குக்கரில் அழுத்தம் ஏறுவதால் ஏறத்தாழ 120 பாகை வரை போகும். அந்த இருபது பாகைதான் ஒரு மணி நேரத்தைக் கால் மணி நேரமாக்குகிறது. அதைக் கடிகாரத்தால் அளக்காமல் விசிலால் எண்ணும் வழக்கம் நம்முடையது. எந்தத் தெருவில் நடந்தாலும் எந்த வீட்டில் பருப்பு வேகிறது, எந்த வீட்டில் சோறு வேகிறது என்று காதால் சொல்லிவிடலாம்.

அம்மாவின் அடுக்களைக்குக் குக்கர் வந்தது சீட்டுப் பணத்தில். ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர். அதற்கு முன்பு எல்லாம் சவுக்கு விறகுதான். இந்தக் கரையோரத்து மணல்மேட்டுச் சவுக்கும், மரக்காணத்து உப்பும், ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போயின. காக்கிநாடாவில் தொடங்கும் அந்த நீர்வழியின் தென்முனை மரக்காணம். சென்னையின் அடுப்புகளுக்கு விறகு அனுப்பிய கரையில், உப்பளத்துப் பெண்கள் சருகு பொறுக்கி உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே அளத்தில் இறங்கியாக வேண்டும் என்பதால் விடியலுக்கு முன்பே சமையல் முடிய வேண்டும். புகையூதி உலை கொதிக்கக் காத்திருந்தவருக்கு, மூன்று விசிலில் இறக்கிவைக்கும் கலம் எத்தனை தூக்கத்தை மீட்டுத் தந்திருக்கும் என்பதை நாங்கள் பின்னாளில்தான் கணக்கிட்டுப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் அதே குக்கரில் பிரிஞ்சி.

உப்பளத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே வெயிலும் தண்ணீரும் மட்டுமே தெரியும். கழியிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுத்த உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ மூன்றரைப் பாகை. அது இருபத்தைந்தை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு வந்துவிடும். அதற்குள் உப்பை வாரி, வரப்பில் குவித்து, கசப்பு நீர் வடியவிட வேண்டும். இன்று அடர்த்திமானி உண்டு. அம்மாவின் காலத்துப் பெண்கள் பலர் பாத்தி நீரின் நிறத்தையும், மேலே படரும் ஏட்டையும், நாக்கு நுனியில் ஒரு துளியையும் கொண்டே சொல்லிவிடுவார்கள். பூத்த உப்பின் மீது படும் வெயில் கண்ணுக்குள் திரும்பிப் பாய்கிறது. உவர்நீரில் நின்ற கால் வெடித்துப் புண்ணாகிறது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுபோகும். இந்த மழைக்காலத்துக்கெனக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையை அரசு வழங்கத் தொடங்கியது 2022இல்தான். அம்மா அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அளத்தைவிட்டு ஏறிவிட்டார். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய நாவல். அதை அம்மாவுக்குச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டியபோது, “அங்கயும் இதே கதிதானா” என்று மட்டும் கேட்டார்.

அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்குச் சரிசமமாக உப்பைக் கொடுப்பதாகக் கூவுகிறாள். ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு. இன்று ஒரு கிலோ சீரகச் சம்பா வாங்கும் பணத்தில் எத்தனை கிலோ உப்பு வாங்கலாம் என்று கடையில் கேட்டுப் பார்ப்பவர்களுக்கு, அந்தப் பாடலின் அருமை புரியும்.

இனிப் பிரிஞ்சிக்கு வருவோம். நால்வருக்கு இரண்டு குவளை சீரகச் சம்பா, அதாவது சுமார் 400 கிராம். கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்துவிட வேண்டும். குக்கரில் எண்ணெயும் நெய்யும் ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை, சோம்பு தாளித்து, நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறம் வரும்வரை வதக்க வேண்டும். பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா, கொத்துமல்லி, பிறகு உருளையும் கேரட்டும் பட்டாணியும். தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக மூன்று குவளை. கொதி வந்ததும் அரிசி. மறுகொதி வரும்போது மூடி, ஆவி வந்தபின் வெயிட் போட்டு, மிதமான தீயில் இரண்டு விசில். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் தொடக்கூடாது. ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்தால் பருக்கை உடையாமல் நிற்கும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே நீர் பொங்கிக் குழையச் செய்துவிடும்.

உப்பு எப்போது? அரிசி போடுவதற்கு முன்பு, நீர் கொதிக்கும்போது. அம்மா ஒரு கரண்டி எடுத்து ஊதி நாக்கில் விட்டுப் பார்ப்பார். நீர் சற்றுக் கரிக்க வேண்டும். அரிசி குடித்த பிறகு சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. “கடத்தண்ணில பாதி கரிக்கணும்” என்பார். இது வாய்ப்பேச்சு என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் கல்லூரி நண்பர் ஒருவரின் தராசில் அவர் இடும் கல்லுப்பை நிறுத்துப் பார்த்தோம். 12 கிராம் இருந்தது. மூன்று குவளை நீர் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர். நூற்றுக்கு 1.7 பங்கு உப்பு. கடல்நீரில் உள்ளது நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. சரிபாதி. முப்பது ஆண்டு அளத்தில் பழகிய நாக்கு அது.

அந்த 12 கிராமை நால்வருக்குப் பங்கிட்டால் தலைக்கு 3 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்த ஒருவர் ஒரு நாள் முழுவதும் உண்ண வேண்டியது 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்கிறது. ஒரு வேளைப் பிரிஞ்சி, அப்பளமும் ஊறுகாயும் இல்லாமலே, நாளின் பாதிக்கும் மேலான கணக்கைத் தீர்த்துவிடுகிறது. அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு என்று மருத்துவர் சொன்ன நாளுக்குப் பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, விலக்க வேண்டியவற்றின் பெயரைச் சொன்னார்: ஊறுகாய், அப்பளம், கருவாடு. அதன்பின் பொதுவாக, “உப்பைக் குறைச்சுக்குங்கம்மா” என்றார். அம்மா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், “இத்தினி வருசம் தலையில சொமந்தேன், அது போதாதா” என்றார். அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று எங்களால் பிரிக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவரே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். “உங்க வாயை நான் ஏன் கெடுக்கணும்? எனக்கு ஒரு பிடி தனியா வடிச்சுக்கறேன்” என்றார். அப்படியே வடித்தார். வடித்த சோறு உண்ணும் நாள்களில் அது வேறுபாடாகத் தெரியவில்லை. பிரிஞ்சி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தது. எங்கள் தட்டுகளில் மஞ்சளும் பச்சையுமாகச் சோறு. அவர் கிண்ணத்தில் வெறும் வெள்ளைச் சோறும் மோரும். சில வாரங்களில் அவர் எங்களுக்கு முன்பே பின்கட்டில் உட்கார்ந்து உண்டு முடித்துவிடத் தொடங்கினார். கேட்டால், பசித்துவிட்டது என்பார். குக்கரின் விசில் கேட்கும்போது அவர் கொல்லைப்புறம் போய்விடுவதையும் கவனித்தோம்.

உப்பு விளையும் ஊரில், உப்பில்லாமல் உண்பது வெறும் பத்தியம் அல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதும், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதும் அங்கே பழமொழிகளாக மட்டும் வழங்குவதில்லை. சண்டையிலும் சமாதானத்திலும் வாயில் வரும் சொற்கள் அவை. ஊருக்கு உப்பு வாரிக் கொடுத்தவருக்குத் தன் கிண்ணத்தில் உப்பில்லை என்பது நாலு பேர் பார்க்கக் கூடாத ஒன்றாகிவிடுகிறது.

அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்புகளுக்குச் சிறுபாணாற்றுப்படை பாடமாக இருந்தது. அதைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே அண்மையில் இருப்பது. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு திண்டிவனம் சுற்றியுள்ள பகுதி. பாணன் போகும் வழியில் வரும் கடற்கரைப் பட்டினமாகிய எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றே ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். எங்கள் ஊருக்கு இவ்வளவு நெருக்கமான சங்க நூல் வேறில்லை என்பதால், அதைப் பாடம் சொல்லும்போது எங்களுக்குச் சற்றுக் கர்வமும் உண்டு.

அந்த நூலில் வறுமையைச் சொல்லும் இடம் நண்பர்களுக்கு நினைவிருக்கும். இடிந்த அடுக்களை, சுவரில் காளான் பூத்திருக்கிறது, கண் திறவாத குட்டிகளுக்குப் பால் சுரவாமல் நாய் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். வறுமையின் இயல்பறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, அதை உண்கிறார்கள். வறுமையின் எல்லையைக் காட்டப் புலவர் தேர்ந்துகொண்டது கீரையை அன்று, உப்பின்மையை. உப்பு விளையும் நாட்டின் அருகே பிறந்தவருக்கு அது தோன்றியது இயல்பே என்று எப்போதும் வகுப்பில் சொல்வோம்.

இம்முறை இருவரும் வீட்டில் அந்தப் பகுதியைப் பேசிக்கொண்டிருந்தபோது, கதவை அடைப்பதற்கு அடுத்து வரும் செய்தியில் நின்றோம். அடைத்த கதவுக்கு உள்ளே பாணனும் அவன் மனைவியும் பெருஞ்சுற்றத்தார் அனைவரும் சேர்ந்து ஒருங்கே உண்கிறார்கள். வெளியாருக்கு முன்னால் நாணம் உண்டு. உள்ளே ஒருவருக்கொருவர் நாணம் இல்லை. உப்பில்லாதது எல்லோருக்கும் உப்பில்லாததே. நூலின் இறுதியில் நல்லியக்கோடன் வீமனின் மடைநூல் நெறி தவறாமல் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு, அருகில் நின்று ஊட்டுகிறான். அந்த விருந்தின் பெருமையைப் பற்றிப் பல தேர்வுகளில் வினா கேட்டிருக்கிறோம். கீரையைப் பங்கிட்ட அந்தப் பந்தியைப் பற்றி வினா கேட்டவர் எவரையும் நாங்கள் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழாக இருந்தது. வறுமை இல்லை, கதவு திறந்திருந்தது, பந்திதான் பிரிந்திருந்தது. பிரிஞ்சி உப்பைப் பங்கிட இடம் கொடுக்காத உணவு. அப்படியானால் ஒன்று அவர் தனியே உண்ண வேண்டும், அல்லது நால்வரும் அவர் அளவில் உண்ண வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்துகொண்டோம். இதில் தியாகம் எதுவும் இல்லை. நாற்பதைத் தாண்டிய எங்களுக்கும் நல்லது என்று அதே மருத்துவர் சொன்னார்.

ஒரேயடியாகக் குறைக்கவில்லை. 12 கிராமை 10 ஆக்கினோம், இரண்டு மூன்று வாரம் கழித்து 8, பிறகு 6. நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்கிறது. உப்பு விட்டுச்சென்ற இடத்தை வேறு சுவைகளால் நிரப்பவும் கற்றுக்கொண்டோம். வெங்காயத்தை இன்னும் சற்றுச் சிவக்க விட்டோம். புதினா இரட்டிப்பாயிற்று. தக்காளியைக் கூட்டி, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தோம். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. தயிர்ப் பச்சடியில் உப்பே இடுவதில்லை. மகனுக்கு மட்டும் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை. பருக்கைக்குள் போன உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்கில் உடனே படுவதால், சிட்டிகையில் பாதி போதும் என்று அவனே கண்டுகொண்டான். பழைய பந்தி மரபு வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

அம்மா எளிதில் இணங்கினார் என்று சொல்ல முடியாது. “எனக்காக இன்னாத்துக்கு எல்லாரும் வாயைக் கட்டறீங்க” என்று முதல் ஞாயிற்றுக்கிழமை கோபித்துக்கொண்டு, வெள்ளைச் சோற்றையே உண்டார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது வாரம், சுவை பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்று அவரை அடுக்களைக்கு அழைத்தோம். அது பொய்யும் அன்று. கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் எடை வேறு. தூள் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம் என்றால், கல் அதைவிடக் குறைவு. கல்லின் பருமனுக்கேற்ப அதுவும் மாறும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பதற்கு 2006 மே மாதம் நாடெங்கும் தடை வந்த பிறகு, சமையலுக்கு நாங்கள் வாங்குவது அயோடின் சேர்த்த உப்புதான். அது ஒரு மாதம் தூளாகவும் மறுமாதம் கல்லாகவும் வரும். தராசை அடுக்களையில் வைத்துக்கொண்டு சமைப்பவர் யார்?

அவர் கருவாட்டை மாதத்துக்கு ஒருமுறையாக ஆக்கிக்கொண்டார். மாத்திரையை நிறுத்தவில்லை; உப்பைக் குறைப்பது மாத்திரைக்கு மாற்று அன்று என்று மருத்துவர் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். கடந்த ஆறு மாதங்களாக மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம்.

இப்போது நீர் கொதிக்கும்போது கரண்டியை ஊதி நாக்கில் விடுபவர் அவர்தான். பழைய கணக்கையும் மாற்றிக்கொண்டுவிட்டார். கடல்நீரில் பாதி என்பதை அவர் இப்போது சொல்வதில்லை. மழைக்காலத்தில் கழிமுகம் திறந்து, ஏரித்தண்ணீர் வந்து கலக்கும்போது கழியில் ஒரு கரிப்பு இருக்குமாம்; அந்த அளவு போதும் என்கிறார். அந்தத் தண்ணீரில் உப்பு விளையாது என்பதும் அவர் சொன்னதே. “போதும், மூடிடு” என்று அவர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் குக்கரின் மூடியைத் திருகுகிறோம்.